சாப்ளினும் அந்தப் பொடியனும்: ஒரு மச்சு ரூமு, ரெண்டு பார்ட்னருங்க

சார்லி சாப்ளினோட 'தி கிட்' படத்துல பாதிக்கு மேல ஒரு சீன் வரும். பையனுக்கு உடம்புக்கு முடியல, சுருண்டு படுத்துட்டான். டாக்டர் வர்றாரு. அந்த மச்சு ரூமையும் கிழிஞ்ச போர்வையையும் பக்கத்துல கையப் பிசைஞ்சிக்கிட்டு நிக்கிற ஆளையும் ஒரு பார்வை பாத்துட்டு, இந்தப் புள்ளைக்கு நீதான் அப்பாவான்னு கேக்குறாரு. சாப்ளின் கொஞ்சம் முழிச்சிட்டு, கிட்டத்தட்ட அப்படித்தாங்கன்னு இழுக்குறாரு. மௌனப் படம்ங்கிறதால எல்லாம் கார்டுல எழுத்தாத்தான் வரும், ஆனா அந்த இழுவை நமக்குக் காதுலயே கேக்கும். ஆமான்னு சொன்னா பொய், இல்லன்னு சொன்னா பையன் போயிடுவான். உண்மைய சொல்லித் தொலைக்கிறாரு, பையனும் போயிடுறான்.

ஊர்ல எல்லாரும் இத அப்பா புள்ள படம்னுதான் சொல்றாங்க. எனக்கு என்னவோ இது ரெண்டு கூட்டாளிங்களோட கதையாத்தான் படுது. ஒருத்தனுக்கு முப்பது வயசு, இன்னொருத்தனுக்கு அஞ்சு, அவ்ளோதான் வித்தியாசம்.

கதை தெரியாதவங்களுக்கு சட்டுனு சொல்லிடுறேன். கல்யாணம் ஆகாம புள்ள பெத்த ஒரு பொண்ணு, தர்ம ஆஸ்பத்திரில இருந்து கைக்குழந்தையோட வெளிய வருது. வளக்க வழியில்ல. ஒரு பங்களா வாசல்ல நிக்கிற பெரிய கார்ல, இந்த அநாதைப் புள்ளைய அன்பா பாத்துக்கோங்கன்னு ஒரு சீட்டு எழுதி வெச்சு குழந்தைய விட்டுட்டுப் போயிடுது. அந்தக் காரை ரெண்டு திருடனுங்க ஓட்டிட்டுப் போயிடுறானுங்க, பின்னாடி குழந்தை அழுதப்புறம்தான் விஷயமே தெரியுது, ஒரு சேரி சந்துல குப்பைக்குப் பக்கத்துல போட்டுட்டு ஓடிடுறானுங்க. அந்தப் பக்கமா காலை நடைக்கு வர்றாரு நம்ம ஆளு, கிழிஞ்ச கையுறை, கையில பிரம்பு, தகர டப்பாவுல பொறுக்கின துண்டு சிகரெட்டுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணு பெரிய ஸ்டார் ஆயிடுது, தன் புள்ளைய தேடுது. நடுவுல அஞ்சு வருஷம் ஒரு போக்கிடம் இல்லாத ஆளும் ஒரு பொடியனும் எப்படி வாழ்ந்தாங்கங்கிறதுதான் படம்.

குழந்தை கைக்கு வர்ற அந்த சீனை நிதானமா பாக்கணும். மேல ஜன்னல்ல இருந்து ஒவ்வொருத்தரா குப்பைய வீசிட்டு இருக்காங்க, சாப்ளின் தலையில கொஞ்சம் விழுது. அடுத்த நிமிஷம் கீழ ஒரு குழந்தை கிடக்குது. உடனே அவரு என்ன பண்றாருன்னா, அண்ணாந்து ஜன்னலைப் பாக்குறாரு, இதையும் மேல இருந்துதான் வீசிட்டாங்களோன்னு. ஒரு பார்வைதான். அந்தத் தெருவுல எதை வேணா வீசுவாங்கன்னு அந்த ஒரு பார்வையில சொல்லி முடிச்சாச்சு, வேற டைரக்டரா இருந்தா இதுக்கு நாலு சீன் வெச்சிருப்பாரு.

அப்புறம் அவரு தூக்கிக் கொஞ்சி வீட்டுக்குக் கொண்டு போறாருன்னு நினைச்சா அதுதான் கிடையாது. எப்படியாவது கழட்டி விடத்தான் பாக்குறாரு. தள்ளுவண்டில குழந்தைய வெச்சுத் தள்ளிட்டு வர்ற ஒரு அம்மாகிட்ட, இதுவும் உங்களோடதுதான்னு வண்டியில வெச்சுட்டு நழுவப் பாக்குறாரு, அந்தம்மா விட்டாத்தான? ஒரு கிழவர் கையில திணிச்சிட்டு ஓடுறாரு, கிழவர் அதே தள்ளுவண்டில போட்டுட்டுப் போக, அடி மட்டும் சாப்ளினுக்கு. திரும்பக் கீழ வெச்சிட்டுப் போலாம்னா போலீஸ்காரர் நிக்கிறாரு. கடைசில பிளாட்பாரத்து ஓரமா உக்காந்து, பக்கத்துல இருக்குற சாக்கடை மூடியத் தூக்குறாரு. உள்ள எட்டிப் பாக்குறாரு. ஒரு ரெண்டு செகண்ட் யோசிக்கிறாரு. மூடிடுறாரு.

இன்னிக்கு எந்த ஹீரோவுக்கும் இப்படி ஒரு ஷாட் வெக்க மாட்டாங்க, ஹீரோ இமேஜ் என்னாவுறது. ஆனா அந்த ரெண்டு செகண்ட் இருக்கறதாலதான் அதுக்கப்புறம் வர்ற பாசத்தை நான் நம்புறேன். பொறக்கும்போதே நல்லவனா பொறந்த ஆளு இல்ல இவரு, வழியில்லாம ஏத்துக்கிட்டு அப்புறம் விட முடியாமப் போன ஆளு. சீட்டைப் படிச்சதும்தான் முகத்துல ஒரு சிரிப்பு வருது. வீட்டு வாசல்ல ஒரு பொம்பள, குழந்தை பேரு என்னன்னு கேக்க, பேரே இல்லியே, விருட்டுனு உள்ள போயி ஆணா பொண்ணான்னு செக் பண்ணிட்டு வெளிய வந்து, ஜான்னு சொல்றாரு.

வளக்குற விதமும் அப்படித்தான், கையில கெடச்சத வெச்சு. காபி கெட்டிலை கயித்துல கட்டித் தொங்கவிட்டு அதோட மூக்குல நிப்பிளை மாட்டுனா ஃபீடிங் பாட்டில். நாற்காலி நடுவுல ஓட்டை போட்டு கீழ எச்சில் துப்புற பாத்திரத்த வெச்சா குழந்தைக்குக் கக்கூஸ். வறுமைய காட்டி நம்மள அழ வெக்கிற சோலியே இல்ல, வறுமைக்குள்ள ஒரு மனுஷன் எவ்ளோ வேலைக்காரனா இருக்கான் பாருன்னு காட்டிட்டுப் போயிட்டே இருக்காரு.

அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற தொழில் சீன்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. தொழில் என்னன்னா, பையன் முன்னாடி போயி கல்லெறிஞ்சு வீட்டு ஜன்னல் கண்ணாடிய உடைச்சிட்டு ஓடணும், கொஞ்ச நேரம் கழிச்சு சாப்ளின் முதுகுல கண்ணாடிச் சட்டங்களைக் கட்டிக்கிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி அந்தத் தெருவுல நடந்து வரணும். அய்யோ கண்ணாடிக்காரரே வாங்க வாங்கன்னு வீட்டுக்காரங்களே கூப்புடுவாங்க. ஒரு இடத்துல பையன் கல்லை ஓங்குறான், பின்னாடி போன கை யாரு மேலயோ இடிக்குது. திரும்பிப் பாத்தா போலீஸ்காரர். பையன் பதறணும்ல? பதற மாட்டான். அந்தக் கல்லை மேல தூக்கிப் போட்டுப் புடிச்சி விளையாடுற மாதிரி ஒரு ஆக்ட் விட்டுட்டு, மெதுவா கீழ போட்டுட்டு, நாலு எட்டு நடந்து, அப்புறம் எடுப்பான் பாருங்க ஓட்டம். அந்த டைமிங் வயசான காமெடி நடிகருங்களுக்கே வராது.

அதுக்கு அடுத்தாப்புல நடக்குறத நிறைய பேரு கவனிக்கிறதில்ல. பையன் ஓடி வந்து சாப்ளின் பக்கத்துல ஒட்டிக்கிறான், போலீஸ்காரர் பாத்துட்டே நிக்கிறாரு. சாப்ளின் திரும்பியே பாக்காம, பின்னங்காலால பையனத் தள்ளித் தள்ளி விடுறாரு, யாரு பெத்த புள்ளையோ எனக்கென்ன தெரியும்ங்கிற மாதிரி. பையனுக்கும் அதுல கோவமே இல்ல, தொழில்னா அப்படித்தான்னு அவனுக்கே தெரியும். நான் பார்ட்னருங்கன்னு சொல்றது இதைத்தான்.

வீட்டுக்குள்ளயும் அதே கணக்குதான். காலையில பையன்தான் எந்திரிச்சு அடுப்பு பாக்குறான், பேன்கேக் சுடுறான், நம்ம ஊர் தோசை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குறான். பெரியவரு படுக்கையில படுத்துக்கிட்டு பேப்பர் படிக்கிறாரு. சாப்பாடு ரெடின்னு பையன் அதட்டுனதும், போர்வையில இருக்குற பெரிய ஓட்டைக்குள்ள தலைய விட்டு எந்திரிக்கிறாரு, போர்வை இப்ப டிரெஸ்ஸிங் கவுன் ஆயிடுச்சு, ஒரு ஜமீன்தாரு தோரணையில டேபிளுக்கு வர்றாரு. பங்கு சரிபாதி. அஞ்சு வயசுப் பையனுக்குக் கம்மியா வெச்சா போதும்ங்கிற பேச்சே இல்ல. கட்டிப்பிடிச்சு முத்தம் குடுக்குறதெல்லாம் படத்துல ரொம்ப அபூர்வம், அதுக்குப் பதிலா காது கழுவுனியா, நகத்தைக் காட்டு, கேஸ் மீட்டர்ல காசைப் போடுன்னு வேலையாவே ஓடுது.

சாப்ளினுக்கு இந்த வாழ்க்கை எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா, லண்டன்ல கெனிங்டன் பக்கம் அவரு வளந்த ரூம்ல இருந்துதான். அவரு பொறந்தது 1889. அம்மா ஹன்னா மேடைப் பாடகி, குரல் போச்சு, அப்புறம் மனநிலையும் தவறிப் போச்சு. அப்பாவும் பாடகர்தான், குடி, 1901ல 38 வயசுல போயிட்டாரு. 1896ல, சாப்ளினுக்கு ஏழு வயசு, அம்மாவும் அண்ணன் சிட்னியும் அவருமா லாம்பெத் வொர்க்ஹவுஸுக்குப் போறாங்க. வொர்க்ஹவுஸ்னா கதியத்தவங்களுக்கு வேலை வாங்கிட்டு சோறு போடுற சர்க்கார் விடுதி, உள்ள போனதும் தாய் வேற புள்ளைங்க வேறன்னு பிரிச்சிடுவாங்க. அங்க இருந்து ஹான்வெல்ங்கிற ஊர்ல இருந்த அநாதைப் புள்ளைங்க ஸ்கூலுக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் ஒரு ரொட்டிக்கடை குதிரை வண்டியில ஏத்தி அனுப்பி வெச்சாங்கன்னு அவரே தன்னோட சுயசரிதையில எழுதியிருக்காரு. இந்தப் படத்துல அநாதை விடுதிக்காரங்க பையனத் தூக்கிப் போடுறதும் ஒரு வண்டியிலதான்.

இதைவிட எனக்கு முக்கியமாப் படுறது அதே புத்தகத்துல வர்ற இன்னொரு விஷயம். 1903, பதினாலு வயசு, அம்மாவ மறுபடி மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க, அண்ணன் கப்பல் வேலையில எங்கயோ இருக்காரு. வீட்டுக்காரம்மா கண்ணுல பட்டா அதிகாரிங்ககிட்ட புடிச்சுக் குடுத்துடுவாங்கன்னு பயந்து பையன் பகல் பூரா தெருவுலயே சுத்துறான். அப்பதான் கெனிங்டன் ரோட்டுக்குப் பின்னாடி ஒரு இருட்டுக் கொட்டகையில விறகு பொளந்து, சின்னச் சின்னக் கட்டா கட்டி விக்கிற ஆளுங்ககிட்ட போயி ஒட்டிக்கிறான். ஊரு கணக்குல சேராத ஆளுங்க, சத்தமாக்கூடப் பேச மாட்டாங்க. யாரு நீ, எந்த வீட்டுப் புள்ளன்னு குடைய மாட்டாங்க. இவனும் கூட விறகு கட்டுறான், அவங்க சாப்பிடுறதுல இவனுக்கும் ஒரு பங்கு.

வேலையில கூடச் சேத்துக்கிட்டு, அள்ளிக் கொஞ்சாம, பங்கு மட்டும் சரியா குடுத்த முரட்டு ஆளுங்க. சாப்ளின் நாடோடியா நடிச்சப்ப மனசுல யாரு இருந்தாங்கன்னு அவரு சொல்லல. ஆனா அந்தக் கொட்டகையையும் இந்தப் பேன்கேக் சீனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா எனக்கு சந்தேகமே வரல. மத்தவங்க எல்லாம் அவரு அநாதையா நின்னதை மட்டும் சொல்லிட்டு விட்டுடுறாங்க, யாரு சோறு போட்டாங்கங்கிறதும் படத்துல இருக்குல்ல.

படம் ஆரம்பிச்ச நேரத்தையும் பாருங்க. 1919 ஜூலைல அவருக்கும் முதல் மனைவி மில்ட்ரெட் ஹாரிஸுக்கும் ஒரு ஆண் குழந்தை பொறந்து மூணே நாள்ல செத்துப் போச்சு. கொஞ்ச நாள்லயே குழந்தை நடிகருங்களைப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு. பையனா நடிச்ச ஜாக்கி கூகனை அவரு பாத்தது லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு மேடையில, அப்பா ஆட்டத்துக்கு நடுவுல வந்து நாலு ஸ்டெப் போட்டுட்டுப் போன நாலு வயசுப் பொடியன். அப்புறம் கூகனை இன்னொரு காமெடி நடிகரு ஆர்பக்கிள் புக் பண்ணிட்டாருன்னு ஒரு செய்தி, சாப்ளின் தலையில கைய வெச்சு உக்காந்துட்டாரு. கடைசில பாத்தா புக் பண்ணது அப்பாவ! பையன் ஃப்ரீயாத்தான் இருந்தான். கேட்டதும் அப்பா, இந்தப் பொடிப்பயல தாராளமா எடுத்துக்கோங்கன்னு சொன்னாராம்.

ஜாக்கியோட திறமை என்னன்னா, சாப்ளின் செஞ்சு காட்டுறத அப்படியே திருப்பிச் செய்வான், ஆனா காப்பி அடிச்ச மாதிரி தெரியாது. ஒரே மாதிரி தோளக் குலுக்குறது, ஒரே மாதிரி நைசா நழுவுறது. கூடவே வளந்த புள்ள அப்படித்தானே இருப்பான்னு நமக்குத் தோணிடும், அதனால அது நடிப்புக் கணக்குலயே வரல.

அழுகை மட்டும் வேற கதை. விடுதிக்காரங்க வர்ற சீன்ல பையன் அழணும், அன்னிக்குன்னு பாத்து ஏக குஷியில இருக்கான். சாப்ளினால முடியல. நான் பாத்துக்கறேன்னு அப்பா கூட்டிட்டுப் போயி, நீ அழலன்னா உன்னை நிஜமாவே வொர்க்ஹவுஸுக்கு அனுப்பிடுவேன்னு மிரட்டிட்டாரு. பையன் தேம்பித் தேம்பி அழுதுட்டான், ஷாட் ஓகே. அப்புறம் சாப்ளின் தூக்கிச் சமாதானம் பண்ணப்ப, அப்பா சும்மாதான் சொன்னாருன்னு எனக்குத் தெரியும்னு காதுல சொன்னானாம். சாப்ளின் இத சுயசரிதையில ஜாலியாத்தான் எழுதுறாரு. எனக்கு ஜாலியா இல்ல. வொர்க்ஹவுஸ்னா என்னன்னு உடம்புல பட்டுத் தெரிஞ்ச ஒரு மனுஷன் பக்கத்துல நிக்கிறப்ப, அதே பேரைச் சொல்லி ஒரு அஞ்சு வயசுப் புள்ளைய அழ வெச்சு படம் புடிச்சிருக்காங்க.

அந்த சீனோட ரிசல்ட் என்னவோ மறுக்க முடியாதது. விடுதி ஆபீசரு ரூமுக்குள்ள வர்றாரு, சாப்ளின்கிட்ட நேரா பேசக்கூட மாட்டாரு, ரெண்டடி தூரத்துல நிக்கிறவர்கிட்ட அசிஸ்டென்ட் வழியா, அவன்கிட்ட கேளு, இவன்கிட்ட கேளுன்னு கேள்வி. சண்டை வருது. பையன் சும்மா நிக்காம சுத்தியல எடுத்து ஆபீசரு மண்டையில போடுறான், பார்ட்னர்னா சும்மாவா. ஆனா போலீசும் வந்துடுது. வண்டியில தூக்கிப் போட்டதும் பையன் ரெண்டு கையையும் விரிச்சு வானத்தைப் பாத்துக் கெஞ்சுறான். அங்க சாப்ளின் கைய உதறிட்டு மேல் ஜன்னல் வழியா வெளிய வந்து, கூரை கூரையா ஓடி வண்டி மேல குதிக்கிறாரு, ஆபீசரத் தள்ளி விடுறாரு, பையன அணைச்சுக்கிறாரு. மொத்தப் படத்துலயும் அடக்கி வெச்ச முத்தம் இங்கதான் வருது. ரெண்டு பேரு மொகமும் நடுங்குது, அவ்ளோ க்ளோஸ்ல. அது முடிஞ்ச கையோட வண்டி டிரைவர விரட்டுற காமெடி! டிரைவர் திரும்பிப் பாக்குறப்பல்லாம் சாப்ளின் ஒரு காலை ஓங்கி மிதிக்கிற மாதிரி பாவ்லா காட்டுவாரு, அவன் அலறியடிச்சு ஓடுவான். கண்ணுல தண்ணி காயறதுக்குள்ள சிரிக்க வெச்சிடுறாரு மனுஷன்.

குறை இல்லாத படம்னு சொல்ல மாட்டேன். அம்மா கதை வர்ற இடமெல்லாம் அந்தக் காலத்து மெலோடிராமா. எட்னா பர்வையன்ஸ் நல்லாத்தான் நடிச்சிருக்காங்க, ஆனா அவங்க கஷ்டத்தைக் காட்ட இயேசு சிலுவை சுமக்குற ஷாட்டை நடுவுல போடுறதெல்லாம் ரொம்ப ஓவர், சாக்கடை மூடியில அவ்ளோ சொன்ன ஆளுக்கு இது எதுக்கு. க்ளைமேக்ஸுக்கு முன்னாடி வர்ற கனவு சீனும் எனக்கு இழுவைதான். பையன் காணாமப் போயி, ராத்திரி பூரா தேடிட்டு, வீட்டு வாசப்படியில தூங்குறப்ப, அந்தச் சேரியே சொர்க்கமா மாறி எல்லாருக்கும் ரெக்கை மொளைக்குது, நாய்க்குக்கூட. ஒரு விஷயம் மட்டும் அதுல புடிக்கும்: சொர்க்கத்துலயும் போலீஸ்காரர் இருக்காரு, அங்கயும் சாப்ளினத்தான் சுடுறாரு. சொர்க்கத்தைப் பத்தின அவரோட அதிகபட்ச கற்பனையே அவ்ளோதான்.

எடுத்த விதமும் ஒரு படம் மாதிரிதான். ஒரு வருஷத்துக்கு ஷூட்டிங், கடைசியா ஸ்க்ரீன்ல வந்த ஒவ்வொரு அடி ஃபிலிமுக்கும் அம்பது அடிக்கு மேல எடுத்திருக்காரு. நடுவுல மில்ட்ரெட்டோட விவாகரத்து, வக்கீலுங்க நெகட்டிவ்வையே ஜப்தி பண்ணப் பாக்குறாங்கன்னதும் ஃபிலிமைப் பெட்டி பெட்டியா அடுக்கி சால்ட் லேக் சிட்டிக்குக் கடத்திட்டுப் போயி ஒரு ஹோட்டல் ரூம்ல வெச்சு எடிட் பண்ணியிருக்காரு. அந்தக் காலத்து ஃபிலிம் சட்டுனு தீப்புடிக்கிற வகை, ஹோட்டல்காரங்களுக்கு தெரிஞ்சா அவ்ளோதான். 1921 ஜனவரில நியூயார்க் கார்னகி ஹால்ல முதல் காட்சி. அதுவரைக்கும் காமெடின்னா ரெண்டு ரீல் மூணு ரீல்னு ஓடிட்டு இருந்த காலத்துல ஆறு ரீலு, அதுல அழுகையும் வேற. ஒரு சிரிப்பு, ஒருவேளை ஒரு துளி கண்ணீரும்னு முதல் கார்டுலயே எழுதி வெச்சிட்டாரு.

ஜாக்கி கூகன் உலகம் பூரா ஃபேமஸ் ஆயிட்டான், பொம்மை, மிட்டாய் எல்லாத்துலயும் அவன் மூஞ்சி. முப்பது நாப்பது லட்சம் டாலர் சம்பாதிச்சிருப்பான்னு ஒரு கணக்கு. 1935ல ஒரு கார் விபத்துல அப்பா போயிட்டாரு, வண்டியில பொழச்சது இவரு ஒருத்தருதான். அப்புறம்தான் தெரியுது, காசு பெரும்பாலும் காலி. அன்னிக்கு இருந்த கலிஃபோர்னியா சட்டப்படி புள்ள சம்பாதிக்கிற காசு பெத்தவங்களுக்குத்தான் சொந்தம், அம்மாவும் அவங்க ரெண்டாவது வீட்டுக்காரரும் செலவழிச்சிட்டாங்க. 1938ல அம்மா மேலயே கேஸ் போட்டாரு, கைக்கு வந்தது 1,26,000 டாலர். அந்தக் கேஸ் கெளப்பின சத்தத்துலதான் 1939ல குழந்தை நடிகருங்க காசைப் பாதுகாக்குற சட்டம் வந்துச்சு, இன்னிக்கும் அவரு பேருலதான் கூப்புடுறாங்க, சம்பளத்துல 15 சதவீதம் தனி அக்கவுண்ட்ல போட்டே ஆகணும். படத்துல கல்லெறிஞ்சு சம்பாதிச்சதுக்கு சரிபாதி பங்கு கெடச்ச பையன் அது. பின்னாடி 'தி ஆடம்ஸ் ஃபேமிலி'ங்கிற டிவி சீரியல்ல மொட்டைத்தலை அங்கிள் ஃபெஸ்டரா நடிச்சவரும் அவரேதான், சொன்னாலொழிய கண்டுபுடிக்கவே முடியாது. 1972ல கௌரவ ஆஸ்கர் வாங்க சாப்ளின் திரும்ப அமெரிக்கா வந்தப்ப ஏர்போர்ட்ல வரவேற்கப் போன கூட்டத்துல அவரும் நின்னாரு.

பாக்கணும்னா ஒரு டிப்ஸ்: நெட்ல ரெண்டு வெர்ஷன் சுத்திட்டு இருக்கு. 1971ல சாப்ளின் தன்னோட 82 வயசுல, எட்னா வர்ற சில சீன்களை வெட்டிட்டு, மியூசிக்கும் தானே போட்டு வெளியிட்டது 53 நிமிஷம். பழசு ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடும். நான் அந்த 53 நிமிஷத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன், வெட்டுனது எல்லாம் வெட்ட வேண்டியதுதான். பழைய பிரிண்டை எவனோ ஸ்பீடா ஓட விட்டு கண்ட மியூசிக்கையும் போட்டு யூட்யூப்ல ஏத்தி வெச்சிருக்கான், அதுல பாத்துட்டு படம் சுமாருன்னு எங்கிட்ட சண்டைக்கு வராதீங்க.